விமானச் சிற்பியின் கணக்கு

நம் மதுரை மாநகரின் தென்புறத்தே அவனியாபுரம், பெருங்குடி முதலிய ஊர்களின் வயல்வெளிகளில் வாழ்வார்க்கு ஆகாய விமானம் ஒரு புதுமையன்று. நாற்று நடுவோர் தலை நிமிர்ந்து நோக்குவதுமில்லை. சிறுவர் மட்டுமே கை அசைக்கின்றனர். கண்மாய்க் கரைப் பனைமரங்களுக்கு மேலாக அது தாழ்ந்து வந்து, ஓடுதளத்தைத் தொட்டு, ஓடி நிற்கின்றது. உள்ளிருந்தோர் இறங்கித் தத்தம் வழியே செல்லுகின்றனர். விமானம் செலுத்தியவரின் குரலையேனும் அவர்கள் கேட்டிருப்பர். அதனை வகுத்து அமைத்தவரின் பெயரை அவர்களுள் ஒருவரும் கேட்டிலர். அங்ஙனம் பெயர் அறியப்படாத அச்சிற்பியின் தொழில் எத்தகையது, அதற்குரிய கல்வி யாது, அதனை மேற்கொள்ள விரும்பும் மாணவர் எதற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

விமானச் சிற்பி என்று நாம் ஈண்டுக் கூறுவது, பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானங்களின் உருவத்தையும் உறுப்புகளையும் வகுக்கும் பொறியியலாரை. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறி வானிற் சென்ற கதையை நாம் படித்திருக்கின்றோம். அப்பொறியின் எடை எவ்வளவு, எவ்வளவு தூரம் ஓடி அது மேலெழுந்தது என்று புலவரை எவரும் வினவுவதில்லை. விமானச் சிற்பியையோ முதல் நாள் தொட்டு இறுதி நாள் வரை அவ்வினாக்களே தொடர்கின்றன. ஆதலின் இத்தொழிலைக் கற்பனைத் தொழில் என்பதினும் கணக்குத் தொழில் என்பதே பொருந்தும். அக்கணக்கு மெய்யாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விழைவது.

எடைக் கணக்கு

பறக்கும் விமானத்தின்மீது நான்கு விசைகள் செயற்படுகின்றன. பூமி இழுக்கும் எடை ஒன்று. இறக்கையின்மேற் காற்று பாய்வதால் உண்டாகும் ஏற்றுவிசை மற்றொன்று. இயந்திரம் தரும் உந்துவிசை மூன்றாவது. காற்றின் எதிர்ப்பு நான்காவது. இவற்றுள் எடையே சிற்பியின் முதற் பகைவன். ஓர் உறுப்பின் எடை சிறிது மிகுந்தால் அதனைத் தூக்க இறக்கை பெரிதாதல் வேண்டும். இறக்கை பெரிதானால் எதிர்ப்பு மிகும், எதிர்ப்பு மிகுந்தால் வலிய இயந்திரம் வேண்டும், வலிய இயந்திரத்திற்கு மிகுதியான எரிபொருள் வேண்டும், எரிபொருளும் எடையே. கடன் வட்டி ஈன்று, அவ்வட்டியும் வட்டி ஈனுவதை இது ஒக்கும்.

திருமலை நாயக்கர் 1636-ஆம் ஆண்டில் எழுப்பிய மகாலின் தூண்களை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். ஒருவர் தம் கைகளால் கட்டித் தழுவ இயலாத பருமன் உடையன அவை. கட்டடச் சிற்பிக்கு ஐயம் தோன்றின் தூணைப் பருக்கச் செய்யலாம், பூமி தாங்கிக்கொள்ளும். விமானச் சிற்பிக்கு அவ்வுரிமை இல்லை. ஒரு பிரயாணி விமானம் தன் வாழ்நாளில் எதிர்கொள்ளக்கூடிய மிகப்பெரிய சுமையைக் கணித்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு சுமையை அதன் உடல் தாங்கவேண்டும் என்பது உலகெங்கும் வழங்கும் விதி. 1995-ஆம் ஆண்டில் போயிங் 777 என்னும் விமானத்தின் இறக்கையைப் பரிசோதனைச் சாலையிற் கட்டி, ஒடியும் வரை மேல்நோக்கி வளைத்தனர். கணித்த சுமையின் 1.54 மடங்கில் அது ஒடிந்தது. அதனை வகுத்தோர் பெரிதும் மகிழ்ந்தனர். இரண்டு மடங்கில் ஒடிந்திருந்தால் புகழ் மிகுந்திருக்குமன்றோ எனின், அன்று. வேண்டாத எடையை ஒவ்வொரு பிரயாணத்திலும் வீணே சுமக்கச் செய்த குற்றம் அவர்களைச் சார்ந்திருக்கும். குறையவும் கூடாது, மிகவும் கூடாது என்பதே இத்தொழிலின் அறம்.

வெப்பக் கணக்கு

சித்திரை, வைகாசித் திங்களில் நம் ஊர் நண்பகல் வெயிலை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வெயில் விமானத்திற்கும் உண்டு. கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பமுள்ள காற்றையே பொறியியலார் அளவுகோலாகக் கொள்ளுகின்றனர். மதுரையில் வெப்பம் 40 பாகை ஆகும்பொழுது காற்று விரிந்து, அவ்வளவுகோலினும் ஏறத்தாழ 8 விழுக்காடு அடர்த்தி குறைகின்றது. காற்று மெலியவே இறக்கை தரும் ஏற்றுவிசை குறையும். இயந்திரத்தின் வலிமையும் குன்றும். ஆதலின் அதே விமானம், அதே சுமையுடன், மார்கழி விடியலில் எழுவதைவிடக் கோடை நண்பகலில் எழுவதற்கு நெடுந்தூரம் ஓடவேண்டும். நம் விமான நிலையத்தின் ஓடுதளமோ ஏறத்தாழ 2,285 மீட்டர் நீளமே உடையது. ஓடுதளம் போதாதெனின் சுமையைக் குறைப்பதன்றி வேறு வழி இல்லை.

ஒவ்வொரு வெப்பநிலைக்கும், ஒவ்வோர் உயரத்திலுள்ள ஊருக்கும், எவ்வளவு சுமையுடன் எவ்வளவு தூரத்தில் எழலாம் என்னும் அட்டவணையை விமானச் சிற்பிகளே வகுத்துத் தருகின்றனர். ஓடும்பொழுதே ஓர் இயந்திரம் நின்றுவிடினும் அஞ்சாமல் மேலெழவோ, அன்றி ஓடுதளத்திற்குள்ளேயே நிற்கவோ இயலுமாறு அவ்வட்டவணை அமைதல் வேண்டும். நம் வயல்களுக்கு மேலாக எழும் விமானத்துள் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் உயிர், எங்கோ தூரதேசத்தில் ஒருவர் பல்லாண்டுகளுக்குமுன் எழுதிய ஓர் எண்ணை நம்பியிருக்கின்றது என்பதை எண்ணும்போது, எண்களை அலட்சியமாக எழுதும் நம் பரீட்சைப் பழக்கத்தைக் குறித்து நாணம் உண்டாகின்றது.

களைப்புக் கணக்கு

மெல்லிய கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடிவதில்லை. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிந்துவிடுகின்றது. இதனை உலோகத்தின் களைப்பு என்பர். உயரப் பறக்கும் விமானத்தின் உள்ளே, பிரயாணிகள் மூச்சுவிடும்பொருட்டுக் காற்றை அழுத்தி வைத்திருப்பர். அதனால் விமானத்தின் உடல் கொல்லன் துருத்தியைப்போல, மேலே செல்லும்போது சிறிது பருத்தும், கீழே இறங்கும்போது சுருங்கியும் வரும்.

இங்கிலாந்து தேசத்தார் அமைத்த காமெட் என்னும் விமானம், உலகின் முதல் ஜெட் பிரயாணி விமானமாக 1952-ஆம் ஆண்டு மே மாதத்தில் சேவையில் இறங்கிற்று. 1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் அவ்வகை விமானம் ஒன்று எல்பாத் தீவின் அருகே வானிலேயே சிதறிற்று. 35 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் மற்றொன்று நேப்பிள்ஸ் நகரின் அருகே கடலில் வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர். காரணம் காண்பதற்காக ஒரு முழு விமானத்தின் உடலைப் பெரியதொரு நீர்த்தொட்டியில் வைத்து, உள்ளே நீரை நிரப்பி, அழுத்தியும் தளர்த்தியும் சோதித்தனர். அது முன்னர்ப் பறந்த தடவைகளையும் தொட்டியில் அழுத்திய தடவைகளையும் கூட்ட 3,057 ஆனபொழுது, உடலில் வெட்டியிருந்த ஒரு திறப்பின் மூலையருகே பிளந்தது. மூலைகளில் விசை குவியும் என்பதும், களைப்பு எதிர்பார்த்ததினும் விரைந்து வரும் என்பதும் அதனாற் புலனாயின. இன்று எவ்விமானத்தில் ஏறினும் சாளரங்களின் மூலைகள் வளைந்திருப்பதைக் காணலாம். அவ்வளைவு அழகுக்காக அமைந்ததன்று.

நம் நாட்டு முயற்சி

நிற்க. நம் நாட்டில் இத்தொழில் எந்நிலையில் உள்ளது என்பதை நோக்குவோம். 1940-ஆம் ஆண்டில் பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் என்பார் மைசூர் அரசின் துணையுடன் விமானத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிராண்டில் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1936-இல் டாக்டர் பட்டம் பெற்ற விஷ்ணு மாதவ் காட்டகே அங்கே சேர்ந்தார். அவர் தலைமையில் அமைந்த எச்.டி.2 என்னும் பயிற்சி விமானம் 1951-இல் பறந்தது. நம்மவர் தாமே விமானம் வகுக்க வல்லவர் என்பதை அது நிலைநாட்டிற்று.

ஆயினும் பிரயாணி விமானத்தில் நாம் நெடுங்காலம் பிறர் வரைந்ததைக் கட்டுவோராகவே இருந்தோம். 1961-இல் கான்பூரில் கட்டிப் பறக்கவிடப்பட்ட ஆவ்ரோ விமானம் இங்கிலாந்தில் வரையப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அஸ்ஸாமிலிருந்து அருணாசலப் பிரதேசத்திற்குச் சேவை தொடங்கிய டார்னியர் விமானம் நம் நாட்டிற் கட்டப்பட்டது, வரையப்பட்டதோ ஜெர்மனியில். நம் சிறு நகரங்களை இணைக்கும் ஏ.டி.ஆர். விமானங்கள் பிரான்சும் இத்தாலியும் கூடி அமைத்தவை. பிறர் எழுதிய காவியத்தைப் பிழையின்றிப் படியெடுத்தல் வேறு. தாமே காவியம் இயற்றுதல் வேறு.

இக்குறையை நீக்க எழுந்ததே சாரஸ் என்னும் முயற்சி. பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆராய்ச்சிச் சாலையார் பதினான்கு பேர் அமரும் சிறு விமானம் ஒன்றை வகுக்கக் கருதி, 1991-ஆம் ஆண்டில் ருஷ்ய நிறுவனம் ஒன்றுடன் கூடித் தொடங்கினர். பொருள்முடையால் ருஷ்யர் விரைவில் விலகினர். 1998-இல் நம் அரசு பொக்ரானில் நடத்திய அணுச் சோதனைக்குப்பின் அமெரிக்கா விதித்த தடைகளால் முயற்சி மீண்டும் இடர்ப்பட்டது. 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசு முறையான ஒப்புதல் அளித்தது. 2004-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் முதல் விமானம் பெங்களூரில் வானேறிற்று. இரண்டு இயந்திரங்களும் உடலின் பின்புறத்தே அமைய, விசிறிகள் பின்னோக்கிச் சுழலும் அரிய அமைப்பு அது.

ஆனால் எடை என்னும் பகைவன் இங்கும் வந்து நின்றான். வெற்று விமானத்தின் எடை 4,125 கிலோகிராம் இருத்தல் வேண்டும் என்று வகுத்திருந்தனர். முதல் விமானமோ ஏறத்தாழ 5,118 கிலோகிராம் ஆயிற்று. மிகுதி 993 கிலோகிராம். பதினான்கு பிரயாணிகளையும் அவர்கள் பெட்டிகளையும் சேர்த்து அவ்விமானம் சுமக்கவேண்டிய அளவு 1,232 கிலோகிராம் என்பதை நோக்கின், இம்மிகுதியின் பொருள் விளங்கும். பதினான்கு பேருள் பதினொருவரின் இடத்தை உலோகமும் கம்பிகளும் கவர்ந்துகொண்டன. எவரோ ஒருவர் பெருந்தவறு செய்ததால் இது நேர்ந்தது என்று கருதவேண்டுவதில்லை. எத்தேசத்திலும் விமானங்கள் பருப்பது ஒவ்வோர் உறுப்பிலும் சேரும் சிறு மிகைகளினாலேயே. ஆகையால்தான் பெரிய விமான நிறுவனங்களில் எடை ஒன்றையே கணக்கிடும் ஒரு கூட்டத்தார் தனியே அமர்த்தப்படுகின்றனர். அவர்கள் எவருக்கும் இனியர் அல்லர். ஆயினும் அவர்களின்றி விமானம் இல்லை.

இரண்டாவது சாரஸ் விமானம் எடை குறைக்கப்பெற்று, 850 குதிரைத்திறன் இயந்திரங்களுக்குப் பதிலாக 1,200 குதிரைத்திறன் இயந்திரங்கள் பூட்டப்பெற்று, 2007-ஆம் ஆண்டு ஏப்ரலிற் பறந்தது. 2009-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள், பறக்கும்போதே ஓர் இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனையில் அது பெங்களூரை அடுத்த பிடதியின் அருகே வீழ்ந்தது. அதிற் சென்ற விமானப்படை அதிகாரிகளான பிரவீண் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, இளையராஜா ஆகிய மூவரும் உயிர் நீத்தனர். இயந்திரத்தை மீண்டும் இயக்குவதற்கு விமானத்தை வகுத்தவர்கள் எழுதித் தந்த முறை சரியானதன்று என்பதும், சோதனைக்குப் போதிய உயரம் இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன.

மாணவ நண்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நிற்றல் வேண்டும். அம்மூவரை வீழ்த்தியது புயலுமன்று, ஒடிந்த இறக்கையுமன்று. மேசையின்மேல் எழுதப்பட்ட ஒரு முறை. எழுதியவர் கெட்ட எண்ணத்துடன் எழுதினாரல்லர். ஆயினும் விமானச் சிற்பியின் எழுத்து, பிறர் உயிரைக்கொண்டு சோதிக்கப்படுகின்றது. செல்வம் மிக்க பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. போயிங் 737 மாக்ஸ் என்னும் விமானத்தின் மூக்கைத் தானே கீழ்நோக்கித் தாழ்த்தும் ஓர் அமைப்பு, ஒரே ஓர் உணர்கருவியை நம்பியிருந்தது. அவ்வமைப்பைப்பற்றி விமானிகளுக்கு முதலில் தெரிவிக்கவுமில்லை. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019-ஆம் ஆண்டு மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் நேர்ந்த இரு விபத்துகளில் 346 பேர் மாண்டனர். கணிதம் அறியாதாரால் நேர்ந்த இழப்பன்று இது. கூறவேண்டியதைக் கூறவேண்டியவர்க்குக் கூறாமையால் நேர்ந்தது.

கல்வியும் பயிற்சியும்

இத்தொழிலுக்குரிய கல்வி தமிழ்நாட்டிலேயே கிடைக்கின்றது. சி. ராஜம் என்னும் பெருந்தகை 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கப்பட்டது. நம் மதுரைக்கு அணித்தான இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம் அங்கே பயின்றவரே. அக்கல்லூரியிற் சேரும் கட்டணத்திற்கு வழியின்றித் தவித்தபொழுது, அவர் தமக்கையார் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார்.

அங்கே மாணவர் நால்வருடன் சேர்ந்து ஒரு விமானத்தை வரையும் பணி கலாமுக்குத் தரப்பட்டது. வரைபடத்தைக் கண்ட பேராசிரியர் ஸ்ரீனிவாசன், அது சிறிதும் திருப்தி அளிக்கவில்லை என்றார். கலாம் ஒரு மாதம் தவணை வேண்டினார். பேராசிரியரோ மூன்று நாளே தந்து, திங்கட்கிழமைக்குள் முடியாவிடின் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார். கலாம் ஊணும் உறக்கமும் மறந்து பலகையின்முன் நின்று முடித்தார். இந்நிகழ்ச்சியை ஆசிரியரின் கண்டிப்புக்கு உதாரணமாகப் பலர் கூறுவர். நமக்கு இதில் வேறொரு பாடம் தோன்றுகின்றது. வரைபடம் நன்றாக இல்லை என்று மாணவன் முகத்துக்கு நேரே கூறியது பேராசிரியர் செய்த பேருதவி. அதனைக் கேட்டு வெகுளாமல், தாளைக் கிழித்து மீண்டும் வரைந்தது மாணவன் பெற்ற முதற் பயிற்சி. தன் கணக்குத் தவறு என்று பிறர் காட்டும்போது மகிழக் கற்றவனே இத்தொழிலுக்கு உரியவன்.

பட்டம் பெற்றபின் இளைஞர் ஏதேனும் ஒரு துறையில் அமர்வர். காற்றின் ஓட்டத்தை ஆராய்வோர் ஒருசாரார். உடலின் வலிமையைக் கணிப்போர் ஒருசாரார். இயந்திரம், மின்சாரம், சக்கரங்கள், கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு வேறு வேறு சாரார். முதலில் உருவத்தைத் தாளிலும் கணிப்பொறியிலும் வகுப்பர்; சிறு மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பர்; ஒவ்வோர் உறுப்பையும் வரைவர்; முழு விமானத்தைத் தரையிற் கட்டி வருத்துவர்; பின்னரே பறக்கவிடுவர். அதன்பின் அரசினர் ஒவ்வொரு விதிக்கும் சான்று கேட்பர். அச்சான்றுகள் யாவும் ஏற்கப்பட்ட பிறகே ஒரு பிரயாணி அதில் ஏறலாம். பெரிய விமானம் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான பொறியியலார் உழைக்கின்றனர். ஓர் இளைஞர் இரண்டாண்டுகளாக ஒரு கதவின் கீல் ஒன்றையே வகுத்துக்கொண்டிருத்தலும் உண்டு. விமானம் முழுவதையும் தாமே படைக்கலாம் என்று கருதிச் செல்வோர் ஏமாற்றம் அடைவர். அக்கீலை நம்பி முந்நூறு பேர் அமர்ந்திருப்பர் என்று உணர்வோர் ஏமாற்றம் அடையார்.

இன்று அயல்நாட்டுப் பெரிய விமான நிறுவனங்களும் பெங்களூரிலும் சென்னையிலும் பொறியியல் நிலையங்களை நடத்துகின்றன. நம் இளைஞர்க்கு அங்கே வேலையும் நல்லூதியமும் உண்டு. அதனை இகழ்தல் தகாது. உலகின் சிறந்த முறைகளைக் கற்கும் பள்ளிகள் அவை. ஆயினும் நம் நாட்டுச் சிறு ஊர்களுக்கும், நம் வெயிலுக்கும், நம் குறுகிய ஓடுதளங்களுக்கும் ஏற்ற விமானத்தை நாமே வகுக்கும் கடமை எஞ்சி நிற்கின்றது.

ஒரு வாழ்நாளின் பயன்

சாரஸ் கதை 2009-உடன் முடிந்ததன்று. சில ஆண்டுகள் தடைப்பட்டுக் கிடந்தபின், திருத்தி அமைத்த விமானம் 2018-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் மீண்டும் வானேறிற்று. அதனினும் பெரிதாக, 19 பேர் அமரும் விமானத்தை வகுக்கும் முயற்சி தொடர்ந்தது. அவ்வாராய்ச்சிச் சாலையாரே வகுத்த ஹன்ஸா என்னும் இருவர் அமரும் பயிற்சி விமானம் 1993-இல் முதன்முதற் பறந்து, பின்னர் அரசின் சான்றும் பெற்றது.

1991-இல் தம் இருபத்தைந்தாம் வயதில் சாரஸ் முயற்சியில் ஒருவர் சேர்ந்திருப்பாராயின், 2018-இல் அவர்க்கு ஐம்பத்திரண்டு வயது ஆகியிருக்கும். தலை நரைத்திருக்கும். தாம் வகுத்த விமானத்தில் ஒரு பிரயாணியேனும் சீட்டு வாங்கி ஏறியதை அவர் கண்டிரார். அவர் வாழ்நாள் வீணாயிற்றோ எனின், அதற்கு விடை கூறுதல் எளிதன்று. பழம் காணாத தோட்டக்காரன் துயரம் மெய்யானதே. அதனைச் சொற்களால் மறைத்தல் தகாது. ஆனால் எடை எங்கே மிகுந்தது, எம்முறை பிழைத்தது, எவ்வுறுப்பு தாங்கிற்று என்பனவற்றை அவர் மறைக்காமல் எழுதி வைத்திருப்பாராயின், அடுத்து வருவோர் அவ்விடத்திலிருந்து தொடங்குவர். பொய்க் கணக்கு எழுதிப் புகழ் பெற்றவரினும், மெய்க் கணக்கு எழுதித் தோற்றவர் இத்தொழிலுக்கு மிகுந்த நன்மை செய்தவராவர். காமெட் வீழ்ந்த காரணத்தை ஆங்கிலேயர் உலகறிய வெளியிட்டமையாற் பிற தேசத்தாரின் விமானங்களும் வலிமை பெற்றன அன்றோ?

ஆதலின் இத்தொழிலை நாடும் மாணவர் கணிதமும் பௌதிகமும் நன்கு பயில்க. கையால் வரையவும், உலோகத்தைத் தொட்டு அறியவும் பழகுக. எல்லாவற்றினும் மேலாக, சோதனைக் குறிப்பேட்டில் தாம் கண்ட எண்ணையே எழுதுக. விடைக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் வழக்கத்தை இன்றே கைவிடுக. பௌதிகச் சாலையில் ஊசலின் ஆட்டத்தை எண்ணும்பொழுது அத்திருத்தத்தால் எவர்க்கும் தீங்கில்லை என்று தோன்றலாம். ஆனால் அதே கை நாளை விமானத்தின் எடைக் கணக்கையும் எழுதக்கூடும். பெருங்குடி வயல்களுக்கு மேலாகத் தாழ்ந்து வரும் விமானத்தில் வீடு திரும்பும் மக்கள், அக்கணக்கை எழுதியவர் இன்னார் என்று அறியார். அறிய வேண்டுவதும் இல்லை. அவர்கள் நலமாக இறங்கிச் செல்வதே அவர் பெறும் ஊதியம்.